இருநூற்று அறுபது கிராம்

யீஷூன். பதினோராம் மாடி.
சன்னலுக்கு வெளியே இரும்புத் தாங்கியில்
பழைய ஏர்கான் பெட்டி,
புறா எச்சம் காய்ந்த முதுகோடு.
கழற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும்.
அதற்கு முன் அதன் மூச்சை வாங்க வேண்டும்.

“வால்வைத் திறந்து விட்டுடு,
மூணே நிமிஷம்” என்கிறார் போனில் முதலாளி.
“செம்பவாங்ல அடுத்த வீடு காத்துக்கிட்டு இருக்கு.”

மூன்று நிமிடம்தான். தெரியும்.
எத்தனையோ வீடுகளில் திறந்து விட்டிருக்கிறேன்.
சீறும்.
குழாய் வாயில் வெள்ளையாய்ப் பனி பூக்கும்,
விரல் வைத்தால் சுடும் அளவுக்குக் குளிர்.
பிறகு நிறமில்லை, மணமில்லை,
சாட்சி சொல்ல ஒரு கறைகூட இல்லை.
கை கழுவிக்கொண்டு பில் எழுதுவேன்.

இன்று சிலிண்டரை மாட்டினேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
போன மாதம் பயிற்சி வகுப்பில்
பலகையில் ஒரு கணக்கு:
இந்த வாயு ஒரு கிலோ வெளியே போனால்
கரியமில வாயு இரண்டாயிரம் கிலோ
போனதற்குச் சமம்.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
என் பேனா பெருக்கத் தொடங்கிவிட்டது,
வாரத்துக்கு இத்தனை பெட்டி,
பதினான்கு வருடம்,
லீவு நாள் கழித்து…
தாளின் ஓரம் வந்ததும் நிறுத்தினேன்.
அந்தத் தாள் இன்னும் வேன் டாஷ்போர்டில்,
பார்க்கிங் ரசீதுகளுக்கு அடியில்.

மீட்பு இயந்திரம் இரைகிறது.
வீட்டுக்காரர் மர்சுகி, இரவுப் பேருந்து ஓட்டுநர்,
தூங்க வேண்டிய நேரத்தில்
ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.
“லாமா லாகி?” என்கிறார்.
இன்னும் இருபது நிமிடம்.
நேற்று இரவு இரண்டு மணிக்கும்
டிப்போவில் முப்பது டிகிரியாம்.
பார்லித் தண்ணீர் டப்பா ஒன்றைத் திறந்து
பாதியை எனக்கு ஊற்றுகிறார்.

எதிர்ப் புளோக்கில் மாடிக்கு மாடி பெட்டிகள்.
ஒவ்வொன்றும் ஒரு படுக்கையறையின் சூட்டை
அடுத்தவர் சன்னல் பக்கம் ஊதுகிறது.
அதில் எட்டோ பத்தோ நான் மாட்டியவை.
துணிக்கழியில் காயும் சட்டைகள்
காற்றே இல்லாமல் ஆடுகின்றன.

முடிந்தது.
தராசில் சிலிண்டரின் எடை கழித்தால்
பூச்சியம் புள்ளி ஒன்பது நான்கு.
பெட்டியின் தகட்டில் அச்சிட்டிருப்பது
ஒன்று புள்ளி இரண்டு.

இருநூற்று அறுபது கிராம் எங்கே?

மேற்கில் கடலைத் தாண்டியிருக்கலாம்.
ஜூரோங் தீவின் தீநாக்குக்கு மேலாக
யார் பெயரும் ஒட்டாமல் மிதக்கலாம்.
ஒரு சின்னக் கார்
இரண்டு முறை பினாங்கு போய்த் திரும்பும்
புகைக்கு அது ஈடு.
யாரும் எங்கும் போகவில்லை.
மர்சுகி இந்த அறையில் தூங்கினார், அவ்வளவுதான்.

குழாய் மூட்டைத் தடவினேன்.
எண்ணெய்ப் பிசுக்கு. விளிம்பில் ஒரு கீறல்,
மயிரிழை அளவு. அவசரத்தில் இறுக்கிய மூட்டு.
எவன் செய்த வேலை இது என்று
வாய்வரை வந்துவிட்டது.
பெட்டியின் பக்கவாட்டில்
வெயிலில் வெளுத்த சர்வீஸ் ஸ்டிக்கர்:
நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி.
கோ. தவசீலன்.
என் கையெழுத்து.
அப்போது ‘ன்’ போடும்போது
கீழே ஒரு வால் இழுப்பேன்.

மர்சுகியிடம் சொல்லவில்லை.
புதுப் பெட்டியின் மூட்டை
முறுக்குக் குறடு டிக் என்ற பிறகும்
இன்னொரு முறை சோதித்தேன்.
சோப்பு நுரை பூசிக் காத்திருந்தேன்.
ஒரு குமிழிகூட வரவில்லை.
குளிர் வந்ததும் அவர் நன்றி சொல்லி
கதவை மூடிக்கொண்டார்.
மூடிய நொடியிலிருந்து
வெளியே புதுப்பெட்டி அனல் கக்கத் தொடங்கியது.

படிவத்தில் ‘மீட்ட அளவு’ என்று ஒரு கட்டம்.
0.94 என்று நிரப்பினேன்.
மீளாததற்குக் கட்டம் இல்லை.
முதலாளியின் அழைப்பு, மூன்றாவது முறை.

லிப்டில் சிலிண்டரைப் பார்த்ததும்
காய்கறிப் பையோடு நின்ற பெண்
சுவர்ப்பக்கம் ஒதுங்கினார்.
“வெடிக்குமா?”
“வெடிக்காது” என்றேன்.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது.
யாரும் இல்லை.
வெக்கை மட்டும் ஏறிக்கொண்டது
எங்களோடு.